நின்ற இடத்தில் உதறும் டீசல் லாரி: காரணத்தை எந்த வரிசையில் தேடுவது

ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் நின்று ஓடும்போது) வண்டி உதறுகிறது என்றதும், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில்களைக் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்புவதுதான் பல பட்டறைகளில் முதல் வேலை. ஆறு நாசிலும் சர்வீஸ் ஆகி வந்து மாட்டிய பிறகும் உதறல் அப்படியே இருக்கும். கடைசியில் பார்த்தால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்ததாகவோ, டேங்கிலிருந்து வரும் ஓஸில் விழுந்த வெடிப்பாகவோ இருக்கும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: கோளாறு ஒரு சிலிண்டரிலா, எல்லா சிலிண்டரிலுமா, இல்லை இன்ஜினுக்கு வெளியிலா? கீழே உள்ள வரிசை அந்தப் பதிலைக் குறைந்த செலவில் கண்டுபிடிப்பதற்கானது. நான்கு, ஆறு சிலிண்டர் லாரி இன்ஜின்களுக்கு இது பொருந்தும்.

1. முதலில் எந்த வகைப் பம்ப் என்று பாருங்கள்

பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இரும்புப் பைப் நேராகப் போனால் அது பழைய வகை, பெரும்பாலும் இன்லைன் பம்ப். எல்லா நாசில் பைப்பும் ஒரே தடித்த குழாயிலிருந்து பிரிந்து போனால் காமன் ரயில். பிஎஸ் (புகை மாசு விதி) எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிஎஸ்4 லாரிகளிலும் இன்லைன் பம்ப் வந்திருக்கிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உயிர் பயம். இன்லைன் வண்டியில் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கமான சோதனை. காமன் ரயிலில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. ஐடிலிங்கிலேயே ரயிலில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் இருக்கும், லோடில் 1,600 பாரையும் தாண்டும். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய் "அதிக அழுத்த டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்ல வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், லேசர் வெப்பமானி, கண்ணாடி பாட்டில் ஒன்று, ஒரு மீட்டர் டிரான்ஸ்பரன்ட் டீசல் ஓஸ், 10 லிட்டர் சுத்தமான கேன், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், கண்ணுக்குக் கண்ணாடி. காமன் ரயில் என்றால் அந்த வண்டியின் லைவ் டேட்டாவைக் காட்டும் ஸ்கேனர். கோளாறு கோட் மட்டும் படிக்கும் சின்னக் கருவி போதாது.

அந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவல் அளவுகளும் வேண்டும்: ஐடிலிங் ஆர்பிஎம், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ளது), கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்), டார்க் (இறுக்க வேண்டிய அளவு). டேப்பட் அளவைப் பக்கத்து வண்டியிலிருந்து நினைவில் வைத்துப் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

3. எதையும் தொடாமல் பத்து நிமிடம் கேளுங்கள்

இரவு முழுக்க நின்ற இன்ஜினைக் குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து பாருங்கள். டிரைவர் முன்கூட்டியே சூடு பண்ணிக் கொண்டு வந்தால் பாதித் தடயம் போய்விடும். பிறகு கூலண்ட் 80 டிகிரியைத் தொடும் வரை ஓட விட்டு மறுபடி கவனியுங்கள்.

குளிரில் உதறி, சூடானதும் சரியானால் நாசில் ஒழுகுவது, பிஸ்டன் ரிங் தேய்மானம், இரவில் டீசல் பின்வாங்கி ஏர் புகுவது ஆகியவற்றை நினைக்க வேண்டும். குளிரில் சரியாக இருந்து சூடானதும் உதறினால் டேப்பட் இறுக்கத்தைச் சந்தேகியுங்கள். வால்வு சூட்டில் நீள்கிறது. இடைவெளி போதாவிட்டால் முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும்.

அடுத்தது தாளம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 600 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 5 முறை வெடிக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடித்தால் அந்த வேகத்தில் ஒரே சீரான குலுக்கல் வரும், சைலன்சர் வாயில் கை நீட்டினால் புகை விட்டு விட்டு அடிப்பதும் தெரியும். ஆர்பிஎம் முள் மெதுவாக ஏறி இறங்கி, ஓரிரு நொடிக்கு ஒரு முறை ஊசலாடினால் அது ஹன்டிங். முள் அசையாமல் கேபின் மட்டும் ஆடினால் இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது. கிடைத்ததை எழுதி வையுங்கள், பிறகு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

புகையையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை எரியாத டீசல். இனிப்பு வாடையோடு வரும் வெள்ளை, கூலண்ட் உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில்.

பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப் ரீஜெனரேஷன் (சைலன்சர் பக்கம் உள்ள புகைக்கரி ஃபில்டர் கரியை எரித்துச் சுத்தமாவது) நடக்கும்போது ஆர்பிஎம் தானாக ஏறும், சத்தமும் மாறும். டேஷ்போர்டில் அதற்கான விளக்கு எரிந்தால் அது முடியும் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

4. இன்ஜினுக்கு வெளியே உள்ளவற்றைக் கழியுங்கள்

கிளட்ச் பெடலை முழுதாக மிதியுங்கள். உதறலோ கடகடப்போ மாறினால் கிளட்ச் பிளேட்டின் டேம்பர் ஸ்பிரிங், கியர் பாக்ஸ் பக்கம் போக வேண்டும்.

ஏர் கம்ப்ரஸரைக் கவனியுங்கள். பல லாரிகளில் 8 பாரை ஒட்டி ஏர் டேங்க் நிரம்பி, ஏர் டிரையர் புஸ் என்று விடும். அந்தச் சத்தத்தோடு உதறல் நின்று, பிரேக்கை நான்கைந்து முறை மிதித்து ஏர் இறங்கியதும் திரும்பினால் கம்ப்ரஸர் லோடு சம்பந்தப்பட்டிருக்கிறது. ஏசி, பிடிஓ (வேறு கருவிக்கு இன்ஜின் சக்தியை எடுக்கும் அமைப்பு) எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மவுண்டிங் ரப்பரை நின்ற வண்டியில் வெறும் கண்ணால் பார்த்தால் போதாது. இன்ஜினை நிறுத்தி, பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையில் கடப்பாரை கொடுத்து லேசாகத் தூக்குங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து இடைவெளி தெரிந்தால் அது போய்விட்டது. ஆயில் ஊறிய ரப்பர் பார்க்க முழுசாகவே இருக்கும், நகத்தால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும்.

இந்தக் கட்டத்தில் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம்மை ஏற்றி விடுவது பெரிய கெடுதல். 100 ஆர்பிஎம் ஏற்றினால் உதறல் மறையும், கோளாறு வளரும், நின்ற இடத்தில் டீசல் வீணாகும். அடுத்துப் பார்ப்பவருக்கும் தடயம் இருக்காது.

5. பேட்டரி, எர்த், கோட்

24 வோல்ட் வண்டியில் இன்ஜின் நிற்கும்போது 25 வோல்ட்டுக்கு மேலும், ஓடும்போது 27.5 முதல் 28.5 வோல்ட்டும் இருக்க வேண்டும். பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறது. காமன் ரயில் வண்டியில் எர்த் சரியில்லாவிட்டால் சென்சார் எல்லாம் பொய் சொல்லும். அதை நம்பி நல்ல பாகங்களை மாற்றுவோம்.

கோட் இருந்தால் எழுதிக்கொண்டு பிறகு அழியுங்கள். எழுதாமல் அழித்தால் அந்தக் கோட் எந்த ஆர்பிஎம்மில், எந்தச் சூட்டில் விழுந்தது என்ற பதிவும் சேர்ந்தே போய்விடும். "சிலிண்டர் 3 மிஸ்ஃபயர்" என்று வந்தால் மூன்றாவது நாசில் கெட்டது என்று பொருள் இல்லை, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று மட்டும்தான் பொருள். ராக்கர் கவர் ஓரத்தில் ஒயரிங் உரசி நைந்திருக்கிறதா, நாசில் கனெக்டருக்குள் ஆயில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள்.

6. டீசல் வரும் பாதை

வாட்டர் செப்பரேட்டரின் அடியிலிருந்து ஒரு டம்ளர் அளவு டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர் அடியில் தனிக் கோடாக நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் டேங்க் மூடியின் வாசர் வழியாகத் தண்ணீர் இறங்குவது சாதாரணம். பாட்டிலில் தண்ணீர் தெரிந்தால் மூடியையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து ஏர். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பாதை உறிஞ்சும் பாதை. அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, வெளிக்காற்று உள்ளே போகும். ஈரம் தெரியவில்லையே என்று பலர் தாண்டிப் போவது இங்கேதான். ஃபீட் பம்புக்கு வரும் ஓஸைக் கழற்றி, இடையில் டிரான்ஸ்பரன்ட் ஓஸை மாட்டி, 1,000 ஆர்பிஎம்மில் ஓட விடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு குமிழி வந்து நின்றால் பரவாயில்லை. தொடர்ந்து வந்தால் பேஞ்சோ போல்ட்டின் (டீசல் போக நடுவில் துளையுள்ள போல்ட்) செப்பு வாசர், ஓஸ் கிளிப், ஹேண்ட் பிரைமர் (கையால் டீசல் ஏற்றும் பம்ப்), செப்பரேட்டர் ஓ-ரிங் என்று பம்பிலிருந்து டேங்க் நோக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு முறை நசுங்கிய செப்பு வாசர் இரண்டாம் முறை சரியாக உட்காராது, புதியது போடுங்கள்.

இங்கே அதிகம் பயன்படுத்தப்படாத, ஆனால் மிகத் தெளிவான சோதனை கேன் சோதனை. டேங்கிலிருந்து வரும் ஓஸையும் ரிட்டர்ன் ஓஸையும் எடுத்து, சுத்தமான டீசல் நிரப்பிய கேனில் விட்டு ஓட்டுங்கள். உதறல் போனால் குற்றம் டேங்க் பக்கம்: உறிஞ்சும் குழாயின் சல்லடை, அடைத்த டேங்க் பிரீதர் (காற்றுத் துளை), டேங்கிலிருந்து வரும் ஓஸ், அல்லது டீசலே. போகவில்லை என்றால் டேங்கை மறந்துவிட்டு மேலே போகலாம்.

ஃபில்டர் மாற்றும்போது பழைய பழக்கத்தில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுகிறார்கள். காமன் ரயிலில் அது கூடாது. நடு ஓட்டையில் ஊற்றும் டீசல் வடிகட்டாமலே ஹை பிரஷர் பம்புக்குப் போகும், கண்ணுக்குத் தெரியாத தூசி போதும் நாசிலைக் கெடுக்க. காலியாக மாட்டி, கை இறுகும் வரை ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். எவ்வளவு அடித்தும் இறுகவில்லை என்றால் இன்னும் ஏர் போய்க்கொண்டிருக்கிறது.

7. காற்றுப் பாதை

ஏர் ஃபில்டர் இண்டிகேட்டர் சிவப்பா, இன்டர்கூலர் ஓஸ் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலிங்கில் மட்டும் உதறிக் கறுப்புப் புகை விட்டு, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் ஓரளவு தெளிந்தால் ஈஜிஆர் வால்வு (எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) கரியில் சிக்கித் திறந்தே நிற்கலாம். கழற்றிப் பார்த்து, உட்காரும் இடத்தில் கரியைச் சுத்தம் செய்து, மூடுகிறதா என்று சோதியுங்கள். இரும்புத் தகடு வைத்து நிரந்தரமாக அடைப்பது சரியல்ல, கோட் விழும், சட்டப்படியும் குற்றம்.

8. எந்தச் சிலிண்டர்?

மூன்றாம் படியில் சீரான குலுக்கல் என்று எழுதியிருந்தால் இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். இங்கே அவசரப்படாதீர்கள்.

*சூடு பார்ப்பது.* இன்ஜின் முழுக்கக் குளிர்ந்ததும் ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் இரும்புக் குழாய்) ஒவ்வொரு சிலிண்டரின் வாயையும் வெப்பமானியால் பாருங்கள். ஒரே தூரம், ஹெட்டிலிருந்து ஒரே இடம். மற்றவை 90, 100 என்று ஏறும்போது ஒன்று மட்டும் 50-இல் நின்றால் அது வெடிக்கவில்லை. ஐந்து நிமிடம் தாமதித்தால் இரும்பு சூட்டைப் பகிர்ந்துகொண்டு எல்லாம் ஒன்று போலத் தெரியும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒவ்வொரு வாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வேலை செய்யும் சிலிண்டரில் சொட்டு சுர்ரென்று சுருங்கி ஓடிப் போகும், செத்த சிலிண்டரில் அப்படியே பரவி ஈரமாக நிற்கும். சொட்டு மேனிஃபோல்டில் மட்டும் விழட்டும்; சூடேறிய டர்போ மேல் படக் கூடாது.

*நிறுத்திப் பார்ப்பது, இன்லைன் பம்ப்.* கண்ணாடி போட்டு, நட்டின் மேல் துணி சுற்றி, ஐடிலிங்கில் ஒரு பைப் நட்டை மட்டும் அரைச் சுற்று தளர்த்துங்கள். நல்ல சிலிண்டர் என்றால் ஆர்பிஎம் இறங்கி உதறல் கூடும். எந்த மாற்றமும் இல்லை என்றால் அதுதான் ஆள். இறுக்கிய பிறகே அடுத்த நட்டுக்குப் போங்கள். கை விரல் நட்டின் அருகில் வேண்டாம்.

*நிறுத்திப் பார்ப்பது, காமன் ரயில்.* ஸ்கேனரில் சிலிண்டர் கட்-ஆஃப் சோதனையை ஓட்டுங்கள். கூடவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) எவ்வளவு டீசலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற திருத்த அளவைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கூட்டல் எல்லையைத் தொட்டு நின்றால் அது பலவீனமான சிலிண்டர். ஒன்றில் மட்டும் பெரிய கழித்தல் இருந்தால் அந்த நாசில் அதிகமாக ஊற்றுகிறது. உதறலோடு கட்டைச் சத்தமும் கேட்கும். ஓடும்போது நாசில் கனெக்டரைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். அங்கே பேட்டரியை விடப் பல மடங்கு வோல்ட்டேஜ் இருக்கிறது, ஈசிஎம்மும் நாசிலும் சேர்ந்து போகலாம்.

9. நாசிலா, கம்ப்ரஷனா?

சிலிண்டர் தெரிந்ததும் முதலில் டேப்பட். ஆறு சிலிண்டருக்கு வழக்கமான வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4, ஜோடிகள் 1-6, 2-5, 3-4. ஆறாவதில் இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் அசையும்போது முதல் சிலிண்டரைச் சரி பார்க்கலாம், மற்றவையும் அப்படியே. நான்கு சிலிண்டரில் வரிசை 1-3-4-2, ஜோடிகள் 1-4, 2-3. செலவில்லாத வேலை இது. நாசிலைக் கழற்றும் முன்பே முடித்துவிடுங்கள்.

பிறகு இடம் மாற்றும் சோதனை. சந்தேக நாசிலை நல்ல சிலிண்டரில் மாட்டி, அங்கிருந்ததை இங்கே மாட்டுங்கள். மிஸ் நாசிலோடு இடம் மாறினால் நாசில்தான். பழைய சிலிண்டரிலேயே நின்றால் கம்ப்ரஷன், வால்வு, ஒயரிங், அல்லது இன்லைன் என்றால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் தள்ளும் பம்ப் எலிமென்ட். காமன் ரயில் நாசிலின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோட் இருந்தால் அதையும் ஸ்கேனரில் இடம் மாற்றி ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் அளவு தவறி, நல்ல நாசிலும் உதறும்.

இங்கே ஒரு சின்னச் செப்பு வாசர் பல இன்ஜின்களைப் படுத்துகிறது. நாசிலைக் கழற்றும்போது அதன் நுனியில் இருக்க வேண்டிய வாசர் சில நேரம் ஹெட்டின் குழியிலேயே ஒட்டிக்கொள்ளும். கரி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் புதியது போட்டு மாட்டினால் நாசில் ஒரு வாசர் உயரம் மேலே நிற்கும், ஸ்பிரே பிஸ்டன் குழிக்குள் சரியாக விழாது, கம்ப்ரஷனும் கசியும். ஒவ்வொரு நாசிலையும் எடுத்ததும் வாசர் கூட வந்ததா என்று எண்ணுங்கள். வரவில்லை என்றால் டார்ச் அடித்து, கொக்கியால் எடுத்து, குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே புதியதைப் போடுங்கள். ஓடும்போது நாசில் அடியில் சிக்சிக் என்ற சத்தமும் சுற்றிக் கெட்டிக் கரியும் இருந்தால் வாசர் ஏற்கெனவே கசிகிறது.

பழைய வகை நாசிலைக் கை டெஸ்டரில் மாட்டி, திறக்கும் அழுத்தம், தூவல், ஒழுகல் மூன்றையும் பாருங்கள். இரண்டு ஸ்பிரிங் இல்லாத சாதாரண நாசில்களில் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 200 முதல் 250 பார். அதற்குச் சற்றுக் கீழே பிடித்து வைத்தால் பத்து நொடிக்கு நுனியில் சொட்டு விழக் கூடாது. காமன் ரயிலில் ரிட்டர்ன் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து ஒப்பிடலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு வந்தால் அது தேய்ந்திருக்கிறது. பல கனரக இன்ஜின்களில் ரிட்டர்ன் ஹெட்டுக்குள்ளேயே போவதால் இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

நாசில் நல்லது என்று தெரிந்தால் கம்ப்ரஷன். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், டீசல் வராமல் நிறுத்தியிருக்க வேண்டும். நல்ல இன்ஜினில் 25 முதல் 30 பார் பக்கம் வரும். மொத்த அளவைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். 3 பாருக்கு மேல் ஒன்று குறைந்தால் திறக்கத்தான் வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் செய்வது போல ஆயில் ஊற்றிச் சோதிக்காதீர்கள். டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு, ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும்.

10. ஹன்டிங் என்றால்

ஆறாம் படியில் ஏரை முழுதாக நீக்கிய பிறகும் முள் ஊசலாடினால்தான் இங்கே வர வேண்டும். இன்லைன் பம்பில் காரணங்கள்: ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) இறுகி நகர்வது, கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) தேய்மானம், பம்ப் கப்ளிங்கில் ஆட்டம். கப்ளிங்கை நீங்களே பார்க்கலாம். ராக்கும் கவர்னரும் பம்ப் கடையின் பெஞ்சில்தான். பம்பைக் கழற்றும் முன் டைமிங் குறியை சென்டர் பஞ்ச் கருவியால் அடித்து வையுங்கள்.

காமன் ரயிலில் ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பக்கம் பக்கமாக வையுங்கள்: ஈசிஎம் கேட்கும் ரயில் அழுத்தம், கிடைக்கும் ரயில் அழுத்தம். கேட்பது நிலையாக நிற்க, கிடைப்பது அலைந்தால் மீட்டரிங் வால்வு (ஹை பிரஷர் பம்புக்குப் போகும் டீசலை அளப்பது) ஒட்டுகிறது அல்லது ரயிலின் பிரஷர் லிமிட்டிங் வால்வு கசிகிறது. கேட்பதே அலைந்தால் ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார், கிராங்க் சென்சார் பக்கம் திரும்புங்கள். கிராங்க் சென்சாரின் நுனியில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தாலே ஐடிலிங் தடுமாறும், துடைத்து மாட்டிப் பாருங்கள்.

11. மாட்டிய பிறகு

காமன் ரயிலின் ஹை பிரஷர் பைப்பைக் கழற்றியிருந்தால் மேனுவல் சொல்கிற இடத்தில் புதியதுதான் போட வேண்டும், இறுக்குவது டார்க் ரெஞ்சால். கசிவு இருக்கிறதா என்று கையால் தடவாதீர்கள், ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள்.

லோடோடு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, மூன்றாம், எட்டாம் படிகளில் பார்த்ததோடு ஒப்பிடுங்கள்: ஆர்பிஎம், புகை, சிலிண்டர் திருத்த அளவு. இரவு நிறுத்தி வைத்து மறுநாள் காலை குளிர் ஸ்டார்ட்டையும் பார்த்த பிறகு வண்டியைக் கொடுங்கள். சிறிய ஏர் கசிவு அப்போதுதான் வெளியே வரும்.